தந்தை மகனுக்கு விட்டுச்செல்லும் வேட்டை
மன்னார்க் கடலின் ஆவுளியாவைப் பற்றி ஒரு பேச்சு

உலகத்தின் வட பகுதியிலே, கனடா, அலாஸ்கா, சுவீடன், நோர்வே முதலிய குளிர்நாடுகளிலே, மூஸ் என்னும் ஒரு பெரிய மான் வாழ்கின்றது. மான் குலத்தில் அதனினும் பெரியது வேறில்லை. முதிர்ந்த ஆண் மூஸ் ஐந்நூறு கிலோகிராமுக்கு மேல் நிறை கொண்டதாய் வளர்வதுண்டு. இலையுதிர் காலம் வந்ததும், அந்நாடுகளிலே தந்தையரும் வளர்ந்த பிள்ளைகளும் துப்பாக்கியும் உணவுப் பொதியும் தாங்கி, ஆளரவமற்ற காட்டுக்குட் புகுவர். நாட்கணக்கிற் காத்திருப்பர். ஒரு மூஸ் கிடைத்துவிட்டால், அதன் இறைச்சி ஒரு குடும்பத்தின் குளிர்கால உணவாகிவிடும். ஆனால் அந்தக் காட்டிலிருந்து வீட்டுக்கு வருவது இறைச்சி மாத்திரம் அன்று. காற்றின் திசை பார்த்தல், அடிச்சுவடு பார்த்தல், வாய் திறவாது காத்திருத்தல் ஆகிய கலைகளும் தந்தையிடமிருந்து பிள்ளைக்கு அங்கேதான் கைமாறுகின்றன.

மன்னாரிலே இதற்கு ஒப்பான வேட்டை உண்டா என்று நேயர்கள் வினவலாம். நமது நாட்டு மான்களிற் பெரியது மரை. தெற்கே வில்பத்துக் காட்டிலே அது மேய்கின்றது. எனினும், மூஸ் வேட்டைக்கு நேரான ஒன்றை நாம் தேடவேண்டிய இடம் காடு அன்று, கடலாகும். மன்னார்த் தீவின் இரு புறத்துக் கடல்களிலும் ஒரு காலத்திலே தந்தையும் மகனும் ஒரே வள்ளத்திற் சென்று வேட்டையாடிய பெரும் பிராணி ஒன்று உண்டு. அதற்கு எங்கள் மீனவர் இட்ட பெயர் ஆவுளியா. கடற்பன்றி என்பாரும் உளர். நூல்களிலே அது கடற்பசு எனப்படும்.

கடற்பசு மீன் அன்று. நம்மைப் போலச் சுவாசப்பையால் மூச்சு விடுவது. குட்டி ஈன்று பாலூட்டுவது. உயிர்நூலார் ஆராய்ந்து அதற்கு நெருங்கிய உறவு யானையே என்று கண்டிருக்கின்றனர். வளர்ந்த கடற்பசு ஏறக்குறைய மூன்று மீற்றர் நீளமும் நானூறு கிலோகிராம் நிறையும் உடையது. பின்னங்கால்கள் இல்லை, திமிங்கிலத்தினது போன்று பிளவுபட்ட வால் உண்டு. கீழ்நோக்கி வளைந்த அகன்ற மூஞ்சியினால், ஆழங்குறைந்த கடலடியிலே வளரும் புல்லை வேரோடு பிடுங்கித் தின்னும். ஒரு நாளைக்கு முப்பது நாற்பது கிலோகிராம் புல் அதற்கு வேண்டும். புல்லைத் தின்று வாழும் பிராணி ஆதலால், புல் உள்ள இடத்தைவிட்டு அது நெடுந்தூரம் விலகி நெடுநாள் இருப்பதில்லை. மன்னாரின் தெற்கே மன்னார்க் குடா, வடக்கே பாக்கு விரிகுடா. இரண்டும் ஆழங்குறைந்தவை, வெயில் கடலடிவரை எட்டுபவை. ஆகையால் இரண்டிலும் கடற்புல் செழித்திருந்தது, கடற்பசுவும் இருந்தது.

இப்பிராணியைப் பற்றிய பழைய செய்தி ஒன்று உண்டு. 1560 ஆம் ஆண்டிலே, போர்த்துக்கேயர் மன்னாரைக் கைப்பற்றிய அதே ஆண்டிலே, இக்கரையோர மீனவரின் வலையில் மனித உருவங் கொண்ட ஏழு கடல்வாழ் உயிர்கள் அகப்பட்டன என்றும், கோவாவிலிருந்த போர்த்துக்கேய இராசப்பிரதிநிதியின் வைத்தியர் அவற்றை அறுத்துப் பார்த்து, உள்ளும் புறமும் மனித உடலை ஒத்திருக்கக் கண்டார் என்றும் அக்காலக் குருமார் எழுதிவைத்தனர். கடற்பசுவின் முலைகள் முன்துடுப்பின் அடியிலே, மார்பருகே அமைந்துள்ளமையே இம்மயக்கத்துக்குக் காரணமாயிற்று என்பர் பின்வந்தோர். 1845 முதல் இலங்கையிற் குடியேற்றச் செயலாளராய்க் கடமையாற்றிய எமேர்சன் தெனன்ற், 1859 இல் வெளிவந்த தம் நூலிலே, கற்பிட்டிக் குடாவிலிருந்து ஆதாம் பாலம் வரையுள்ள களப்புகளுக்கு இப்பிராணிகள் பெருந்தொகையாய் வருகின்றன என்று குறித்தார். பெருந்தொகை என்னும் அச்சொல்லை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுதல் வேண்டும். இன்றோ, மன்னார்க் கடலிலே நாற்பது ஆண்டு தொழில் செய்த ஒருவர், உயிருள்ள ஆவுளியாவைத் தம் வாழ்நாளிற் கண்ட தடவைகளை விரல்விட்டு எண்ணிவிடக்கூடும்.

பெருந்தொகை எவ்வாறு விரல்விட்டு எண்ணும் தொகையாயிற்று? அதை விளக்குவதே இப்பேச்சின் நோக்கம். அதற்கு முதற்கண் வேட்டையின் தன்மையை அறிதல் நன்று.

ஒரு வள்ளத்தை மனக்கண்முன் கொண்டுவாருங்கள். அணியத்திலே ஈட்டியோடு மகன். பின்புறத்திலே சவளோடு தந்தை. சோளகக் காற்றுக் காலமாயின் தென்கடல் கொந்தளிக்கும். அப்போது வடகடலுக்குச் செல்லல் வேண்டும். வாடைக் காலத்திலே நிலைமை மாறும். கடற்பசுவின் செவிப்புலன் மிகக் கூரியது. புறச்செவி இல்லாவிடினும், சவள் வள்ளத்தின் விளிம்பில் ஒருமுறை மோதுமாயின் அது அறிந்து விலகிவிடும். ஆதலால் தந்தை பேசுவதில்லை, கையினாற் காட்டுவார். தெளிந்த நீரினூடே கடற்புல் வெளியைப் பார்த்தால், பச்சைப் பாயின் நடுவே ஒரு சாண் அகலத்திலே வெண்மணற் கோடுகள் வளைந்து வளைந்து செல்லக் காணலாம். அவை ஆவுளியா மேய்ந்த தடங்கள். கோட்டின் ஓரம் கூர்மையாயிருந்தால் தடம் புதியது. மணல் சரிந்து மங்கியிருந்தால் பழையது. பிடுங்குண்ட புல் நீர்மேல் மிதக்கின்றதா, அடியிலே சேறு கலங்கி எழுகின்றதா என்பதையும் பார்த்தல் வேண்டும். பிராணி சில நிமிடங்களுக்கு ஒருமுறை மூச்செடுக்க மேலே வரும். வந்தாலும் மூக்குத் துளைகளை மாத்திரம் ஓரிரு கணம் நீருக்கு மேலே காட்டி உடனே மறைந்துவிடும். அந்த ஓரிரு கணமே வேட்டைக்காரனுக்கு உரியது.

இத்தகைய வேட்டை இலேசான காரியம் அன்று. நானூறு கிலோகிராம் நிறையுள்ள பிராணி கயிற்றை இழுத்துக்கொண்டு ஓடும்போது வள்ளம் கவிழ்தலும் கூடும். பலநாள் வெறுங்கையோடு திரும்பவேண்டியிருக்கும். அப்பா என்றழைக்கும் பேசாலையானாயினும், வாப்பா என்றழைக்கும் எருக்கலம்பிட்டியானாயினும், இக்கலையைக் கற்கப் பல ஆண்டுகள் தந்தையின் வள்ளத்திலே இருந்தே தீரவேண்டும். வேட்டையின் கடினமே பிராணிக்கு ஒரு வேலியாயிருந்தது.

1950 களின் பின்னர் அந்த வேலி விழுந்துவிட்டது. நைலோன் வலையும் இயந்திரப் படகும் இலங்கைக் கரையெங்கும் பரவின. திருக்கை பிடிப்பதற்காகக் கடலடியிலே இடப்படும் பெருங்கண் வலை, கடற்பசுவுக்கும் கூற்றாயிற்று. அந்த வலைக்குத் தடம் பார்க்கத் தெரியவேண்டியதில்லை, காத்திருக்கத் தெரியவேண்டியதில்லை, தந்தையும் வேண்டியதில்லை. அது இரவெல்லாம் தானாகவே நிற்கும். வலையிற் சிக்கிய கடற்பசு மேலே வந்து மூச்செடுக்க இயலாமற் சில நிமிடங்களிலே நீரில் மூழ்கி இறந்துவிடும். தாய் சிக்கினால், அதனருகே நீந்தும் கன்றும் சிக்கும். இறைச்சிக்கு நல்ல விலை இருந்தமையால், தற்செயலாய்ச் சிக்கியதும் சந்தைக்கே சென்றது. கடலடியிலே வெடி வைத்து மீன் பிடித்தோராலும் சில மாண்டன.

இனி நாம் பார்க்கவேண்டியது கணக்கு. மூஸ் வேட்டை பல நூற்றாண்டுகளாய் நடந்தும் மூஸ் அழியவில்லை. சுவீடனில் மாத்திரம் ஆண்டுதோறும் பல பத்தாயிரம் மூஸ்கள் வேட்டையாடப்படுகின்றன. கடற்பசுவோ, அதனிலும் மிகச் சிறு தொகையே கொல்லப்பட்டபோதும் குன்றிவிட்டது. ஏன்?

பெண் மூஸ் இரண்டு மூன்று வயதிலே தாயாகிவிடும். எட்டு மாதமே சூல் கொள்ளும். ஆண்டுதோறும் ஈனவல்லது, நல்ல மேய்ச்சல் இருப்பின் இரட்டைக் கன்றுகளையும் ஈனும். கடற்பசு அவ்வாறன்று. அது எழுபது ஆண்டு வரை வாழக்கூடியது. மனிதனைப் போலவே மெல்ல வளர்வது. முதற் கன்றை ஈனுவதற்கு ஆறு முதல் பதினேழு வயது வரை ஆகிவிடும். சூற்காலம் பதின்மூன்று முதல் பதினைந்து மாதம். ஒரு சூலில் ஒரு கன்றே. அக்கன்று ஒன்றரை ஆண்டளவும் தாயை விட்டகலாது பாலுண்ணும். ஓர் ஈற்றுக்கும் அடுத்த ஈற்றுக்கும் இடையே மூன்று முதல் ஏழு ஆண்டு கழியும். மேய்ச்சல் குன்றிய காலத்தில் அது ஈனுவதையே தள்ளிவைத்துவிடும்.

இவற்றையெல்லாம் கூட்டிப் பார்த்த விஞ்ஞானிகள் ஒரு முடிவுக்கு வந்துள்ளனர். ஒரு கடலிலே நூறு கடற்பசுக்கள் இருந்து, புல்லும் செழித்து, எவரும் அவற்றைக் கொல்லாதிருந்தாலும், அடுத்த ஆண்டு அவை ஏறக்குறைய நூற்றைந்துக்கு மேற் பெருகமாட்டா. இது மிகச் சாதகமான நிலை. ஆதலின் வளர்ந்த பெண் பிராணிகளிலே நூற்றுக்கு ஒன்று இரண்டுக்கு மேல் மனிதனால் மடியுமாயின் அவ்வினம் தேயத் தொடங்கிவிடும்.

இப்போது மன்னார்க் கரையை எண்ணிப் பாருங்கள். ஓர் எடுத்துக்காட்டாக, ஒரு கிராமத்திலே ஆண்டுக்கு இரண்டு பிராணி பிடித்தார்கள் என்று கொள்வோம். இரண்டுதானே என்று அவர்கள் நினைத்ததிலே குற்றம் காண இயலாது. ஆனால் பள்ளிமுனையிலும் இரண்டு, வங்காலையிலும் இரண்டு, சிலாவத்துறையிலும் இரண்டு, எதிரே இராமேசுவரக் கரையிலும் கீழக்கரையிலும் இவ்விரண்டு எனின், மொத்தம் பன்னிரண்டாகிவிடும். கடற்பசு கடலின் எல்லைக் கோட்டை அறியாது. இக்கரையிலே மேய்ந்து அக்கரைக்கும் போகும். ஒவ்வொருவரும் தம் வள்ளத்தை எண்ணினர். கடலை எண்ணுவோர் ஒருவரும் இருந்திலர்.

இதனினும் நுட்பமான மற்றொரு காரணமும் உண்டு. அது தந்தைக்கும் மகனுக்கும் இடையிலே நிகழ்வது. ஆவுளியாவின் ஆயுள் மனிதனின் ஆயுளளவு நீண்டது. ஆகையால் ஆண்டுக்கு ஆண்டு அது குறைவதை ஒருவர் கண்ணாற் காண்பது அரிது. தந்தை தம் இளமையிலே ஒரே காலையிற் பத்துப் பிராணிகளைக் கண்டிருப்பார். மகன் தொழிலுக்கு வந்தபோது இரண்டே இருக்கும். மகனுக்கு அந்த இரண்டே இயல்பான கடல். பேரன் வரும்போது ஒன்றும் இராது. அவனுக்கு அந்த வெறுமையே இயல்பான கடல். ஈட்டி எறியும் கலை தவறாது கைமாறியது. கடலில் முன்பு எத்தனை இருந்தன என்னும் நினைவு கைமாறவில்லை. இதுவே வேட்டைக் குடிகளின் பெருந்துன்பம் என்க.

மூஸ் நாடுகளிலே இத்தவறு முன்னரே உணரப்பட்டது. அங்கே காட்டிலுள்ள மூஸ்களை மதிப்பிட்டு, எத்தனையைக் கொல்லலாம், அவற்றுள் ஆண் எத்தனை, பெண் எத்தனை என்று வரையறுத்தே அனுமதி கொடுக்கின்றனர். ஆகவே அந்நாட்டுத் தந்தை தம் பிள்ளையிடம் துப்பாக்கியோடு ஒரு கணக்கையும் ஒப்படைக்கின்றார். அவுஸ்திரேலியாவின் வடக்கே தொறஸ் நீரிணையிலே, ஏறக்குறைய 4000 ஆண்டுகளாகக் கடற்பசுவை வேட்டையாடிவரும் தீவு மக்கள் உளர். உலகிலே கடற்பசுக்கள் மிகுதியாக வாழும் இடமும் அதுவே. அம்மக்களின் மரபுவழி வேட்டையை அந்நாட்டுச் சட்டம் இன்றும் ஏற்றுக்கொள்கின்றது. ஆகாய விமானத்திலிருந்து பிராணிகளை எண்ணும் வேலையும் உடன் நடைபெறுகின்றது. அங்கே தந்தையும் மகனும் இன்றும் வள்ளத்திற் செல்லலாம். பிராணி ஆயிரக்கணக்கில் இருக்கின்றமையாலும், எண்ணப்படுகின்றமையாலும் அது இயல்வதாகின்றது.

எண்ணப்படாமையால் வந்த கேட்டுக்கும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1741 ஆம் ஆண்டிலே, வட பசிபிக் சமுத்திரத்தின் பேரிங் தீவிலே கப்பலுடைந்து ஒதுங்கிய மாலுமிகளுள் ஸ்ரெல்லர் என்னும் இயற்கையறிஞரும் ஒருவர். நமது ஆவுளியாவின் இனத்தைச் சேர்ந்ததும், அதனினும் பன்மடங்கு பெரியதுமான கடற்பசு ஒன்றை அவர் அங்கே கண்டு விவரித்தார். அதன் இறைச்சியே அம்மாலுமிகளின் உயிரைக் காத்தது. செய்தி பரவியது; வேட்டைக்காரர் திரண்டனர். 1768 ஆம் ஆண்டளவிலே அவ்வினத்தில் ஒன்றேனும் எஞ்சியிலது. அறிஞர் உலகம் அதனை அறிந்து இருபத்தேழு ஆண்டுகளே ஆகியிருந்தன. தந்தை கண்டதை மகன் காணவில்லை.

நமது நாட்டிலே, 1937 ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்கீழ், கடற்பசு இன்று பாதுகாக்கப்பட்ட பிராணியாகும். அதைக் கொல்லுதலும் அதன் இறைச்சியை விற்றலும் தண்டனைக்குரிய குற்றங்கள். இந்தியாவிலே 1972 ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் அதற்கு மிக உயர்ந்த காவலை அளித்துள்ளது. 2022 செப்ரெம்பரிலே தமிழ்நாட்டரசு பாக்கு விரிகுடாவில், தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையோரமாக 448 சதுர கிலோமீற்றர் கடற்பரப்பைக் கடற்பசுக் காப்பகமாக அறிவித்தது. 2015 முதல் 2018 வரை எட்டு நாடுகளில் நடைபெற்ற கடற்பசு, கடற்புல் பாதுகாப்புத் திட்டத்திலே இலங்கையும் பங்குகொண்டது.

எனினும் சட்டம் கரையிலே இருக்கின்றது. வலை கடலிலே இருக்கின்றது. வட்டிக்கு வாங்கிய வலையில் நானூறு கிலோகிராம் நிறையுள்ள பிராணி சிக்கினால், மீனவரின் உள்ளம் என்ன பாடுபடும் என்பதைக் கரையிலிருந்து பேசுவோர் எண்ணிப் பார்த்தல் நலம். வலையை அறுத்தால் வலை போகும். அறுக்காவிடின் பிராணி போகும். இறந்துவிட்டதை அறிவித்தாலோ, விசாரணைக்கு ஆளாகவேண்டுமே என்னும் அச்சம். ஆகவேதான், உயிரோடு விடுவிப்போருக்குப் பாராட்டும் வெகுமதியும் கொடுக்கும் வழக்கத்தை எதிர்க்கரையிலே தொடங்கியிருக்கின்றனர். மீனவர் பிள்ளைகளின் கல்விக்குக் கடற்பசுவின் பெயரால் உதவித்தொகையும் வழங்குகின்றனர். தண்டனை மாத்திரம் காவலாகாது. இழப்பைப் பகிர்ந்துகொள்ளுதலும் காவலே.

மீனவர் தம் நலத்துக்காகவேனும் அறியவேண்டிய செய்தி மற்றொன்று உண்டு. கடற்பசுவின் மேய்ச்சல் நிலமே மீனவரின் விளைநிலமும் ஆகும். சாதாழை என்று பொதுவாய்ச் சொல்லிவிடும் கடற்புல், பாசி அன்று. வேரும் பூவும் உள்ள தாவரம். அதன் இடையிலேதான் இறாற் குஞ்சும் நண்டுக் குஞ்சும் ஒளிந்து வளர்கின்றன; ஓராவும் பிற மீன்களும் மேய்கின்றன. கடலடியை வாரிச் செல்லும் இழுவைப் படகு அப்புல்லைச் சிதைக்கும்போது, ஆவுளியாவின் உணவும் மீனவரின் உலையரிசியும் ஒருங்கே சிதைகின்றன. 2017 ஆம் ஆண்டிலே இலங்கைச் சட்டம் அடியிழுவைத் தொழிலைத் தடைசெய்தமைக்கு இதுவும் ஒரு காரணம்.

அவ்வாறாயின், மன்னார்த் தந்தை தம் மகனிடம் இனி எதை ஒப்படைப்பது? ஈட்டியை ஒப்படைத்தல் இயலாது. ஆனால் ஈட்டிக்கு முன்னே வந்த கலைகள் அனைத்தையும் ஒப்படைக்கலாம். வெண்மணற் கோட்டைக் கண்டு, இது புதிய தடம், இங்கே வலையிடாதே என்று சொல்லலாம். வலை இட்ட இடத்தை நெடுநேரம் தனியே விட்டுவிடாதிருக்கப் பழக்கலாம். சிக்கிய பிராணியின் மூக்கை முதலில் நீர்மட்டத்துக்கு உயர்த்தல் வேண்டும் என்பதையும், வாலிற் கயிறிட்டு இழுத்தால் அது மூச்சடங்கி இறக்கும் என்பதையும், கன்று அருகே நிற்கின்றதா என்று பார்த்துத் தாயையும் கன்றையும் பிரியாமல் விடுவித்தல் வேண்டும் என்பதையும் கற்பிக்கலாம். கண்ட நாளையும் இடத்தையும் தொகையையும் ஒரு கொப்பியிலே எழுதிவைக்கச் செய்யலாம். நம் முன்னோர் தவறவிட்ட கணக்கு அதுவே. அதை எழுதும் தகுதி, நாள்தோறும் கடலுக்குச் செல்லும் மீனவனுக்கே முதலில் உண்டு.

அமைதியான ஒரு காலையிலே, வடகடலின் கலங்காத நீரிலே, ஒரு பெரிய முதுகும் அதனருகே ஒரு சிறிய முதுகும் ஒருங்கே எழுந்து மூச்செறிந்து மறையுமாயின், சவளை நிறுத்திவிட்டுத் தந்தை மகனுக்குக் கையாற் காட்டட்டும். முன்பு வேட்டைக்காக எத்துணை ஓசையின்றிக் காட்டினாரோ, அத்துணை ஓசையின்றியே காட்டட்டும். மகன் எண்ணிக்கொள்வான்: இரண்டு.